கண்ணீருக்குக் காத்திருந்த சனிக்கிழமை

அத்தியாயம் பதினேழு

2024 ஜூலை 20, சனிக்கிழமை. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மூன்றாவது நாளாகக் கனமழை, காற்று இல்லை.

தெக்கேமுறியில் வீட்டுக் குரியாக்கோஸ் நாட்குறிப்பில் இவ்வளவும் எழுதி நிறுத்தினார். தம் மனைவி திரேசியம்மா இறந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது என்பதை எழுதவில்லை. நினைவிருப்பதை எழுதுவது மைக்கு நஷ்டம் என்பது அவர் கொள்கை.

கைப்பேசி அடித்தது. ரேஷன் கடைச் சோமன்.

"அச்சாயா, இன்னைக்குத்தான் கடைசி நாள். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"போன மாசமும் இருக்குன்னுதான் சொன்னீங்க. ரேஷன் அட்டையே திரேசியம்மா சேச்சி பேர்ல இருக்கு. சேச்சி பேரை எடுத்துட்டு வேற ஆளைத் தலைவரா போட்டாத்தான் அட்டை செல்லும். இல்லாத ஆளைத் தலைவியா வெச்சுக்கிட்டு நான் எத்தனை மாசம் மேலதிகாரிக்குப் பதில் சொல்றது?"

"படிவம் தயாரா இருக்கு, சோமா."

"தயாரா இருந்தா என் கைக்கு வரணுமே! சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கொடுத்து அனுப்புங்க."

படிவம் தயாராக இருந்தது பொய்யன்று. மேசையின் இரண்டாவது இழுப்பறையில், நீல அட்டைக்குள், பதினொரு மாதங்களாக இருந்தது. குரியாக்கோஸ் அந்த இழுப்பறையைப் பார்த்தார்; திறக்கவில்லை.

அவருடைய இன்றைய கவலை வேறு. பதினொரு மணிக்குப் பாதிரியார் கல்லறைக்கு வந்து ஜெபம் சொல்வார். அப்போது கேமராவுக்கு முன்னால் குரியாக்கோஸ் அழ வேண்டும்.

அழுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார் என்று சொல்ல முடியாது. சென்ற ஞாயிறன்று காணொளிகளுக்குப் பணம் கொடுக்கும் கொச்சி நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத்தை மகள் ஆன்சி கொண்டுவந்து நீட்டியபோது, "பார்க்கலாம்" என்றார்; அவ்வளவுதான். முப்பத்தாறு ஆண்டுகள் பாலா நகரப் பதிவு அலுவலகத்தின் எதிரே அமர்ந்து பத்திரம் எழுதியவர் அவர். 'பார்க்கலாம்' என்பது சட்டப்படி சம்மதம் ஆகாது என்று நூறு பேருக்காவது விளக்கியிருப்பார். ஆன்சி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மூன்று மாதங்களில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் திருத்த அவருக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் சென்ற ஜனவரியில் வெளிவந்த நாற்பத்தேழு விநாடிக் காணொளி.

ஆன்சி மஸ்கட்டில் செவிலியாக இருந்தவள். தாயின் நோய்க்காக வேலையை விட்டு வந்து, தாய் போன பிறகு, தாயின் சமையலைக் கைப்பேசியில் படம்பிடித்து வெளியிடத் தொடங்கினாள். மீன் குழம்பையும் அரிசிப் பிடி போட்ட கோழிக்கறியையும் நாலாயிரம் பேர் பார்த்தார்கள். ஒருநாள் ரப்பர் தாள்களுக்குப் புகை போட்டுவிட்டுக் குரியாக்கோஸ் வீட்டின் பின்னால் இருந்த புகைப்புரை அறையிலிருந்து வெளியே வந்தார். தகப்பனைச் சாச்சன் என்று அழைக்கும் ஆன்சி, வாசலில் கைப்பேசியோடு நின்று, "சாச்சா, இந்த வேலையெல்லாம் அம்மாவோட சேர்ந்து செஞ்சதுதானே? அம்மா ஞாபகம் வருதா?" என்று கேட்டாள்.

அவர் கன்னங்களில் நீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. கையை முன்னால் நீட்டித் துழாவினார். "அவ இருந்திருந்தா..." என்றார். மீதி வாக்கியத்தை இருமல் விழுங்கிவிட்டது.

இருபத்தொரு லட்சம் பேர் அந்த வாக்கியத்தைத் தத்தமக்குத் தோன்றியபடி முடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பேருந்து நடத்துநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சில்லறை தர மறந்தார். திருச்சூரிலிருந்து ஒரு தம்பதி அல்வாவோடு வந்து, அவரைப் பார்த்துவிட்டு, அழுதுவிட்டுப் போனார்கள். பாதிரியார் திருமண வாழ்வைப் பற்றிய பிரசங்கத்தில் அவர் பெயரைச் சொன்னார். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த குரியாக்கோஸ் தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்.

அது புகை. வெறும் புகை. இதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. முதல் நாள் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. இரண்டாம் நாள் நேரம் கடந்திருந்தது.

*

அடுக்களையில் ஆன்சி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லறை ஜெபத்துக்குப் பின் வருகிறவர்களுக்கு.

"சாச்சா, வெள்ளை ஜிப்பா போடுங்க. ஷிஃபானா அதைத்தான் சொல்லிச்சு. கோடு போட்ட சட்டை கேமராவுல அலையும்."

"யார் அந்த ஷிஃபானா?"

"கொச்சிக் கம்பெனிப் பொண்ணு. எத்தனை தடவை சொல்றது? ஒம்பதரைக்கு வரும்."

அவர் முக்காலியில் அமர்ந்தார். அவள் அப்பச் சட்டியைச் சுழற்றும் விதம் திரேசியம்மாவுடையது. ஆனால் திரேசியம்மா இப்படி இரண்டு கைப்பேசிகளை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு சுழற்றியதில்லை.

"நேத்துப் போட்ட மாங்காக் குழம்பு எப்படிப் போச்சு?"

"போகல." அவள் ஒரு கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினாள். "படிங்க. சிரிச்சுக்கிட்டே போட்டா, 'அம்மா போய் ஒரு வருஷம் ஆகல, பல்லைப் பாரு'ன்னு எழுதறாங்க. சிரிக்காம போட்டா, 'சமையல்ல உயிர் இல்லை'ங்கறாங்க. போன மாசம் நிஜமாவே அழுகை வந்துச்சு, அதையும் போட்டேன். 'கேமராவை முதல்ல ஆன் பண்ணிட்டுத்தான அழுதே'ன்னு ஒருத்தன் கேட்டான்."

"பண்ணித்தான அழுதே?"

"சமைக்கறதுக்கு ஆன் பண்ணினேன், சாச்சா! அழறதுக்கு இல்லை."

அப்பம் தட்டில் விழுந்தது. நடுவில் வெண்மை, ஓரத்தில் சரிகை. குற்றம் சொல்ல இடமில்லை.

"உங்களை மட்டும்தான் ஒருத்தரும் சந்தேகப்படல," என்றாள் ஆன்சி. "நம்மளைப் பின்தொடர்ற மூணு லட்சம் பேருல ஒருத்தர்கூட. அதான் அவங்களுக்கு நீங்க வேணும்."

குரியாக்கோஸ் அப்பத்தைப் பிய்த்து முட்டைக் குழம்பில் தோய்த்தார்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிய கடிதம் அவர் பார்வைக்கு நேரே இருந்தது. அயர்லாந்து மருத்துவமனை ஒன்றின் வேலை உத்தரவு. வருகிறேன், வரவில்லை என்ற பதில் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். கொச்சி ஒப்பந்தம் கையில் வந்தால் போக வேண்டாம். இங்கேயே, இந்த வீட்டிலேயே, இந்த அடுக்களையிலேயே இருந்துவிடலாம் என்று ஆன்சி சொல்லியிருந்தாள்.

"போகணும்னு ஆசையா கொச்சே?" கொச்சே என்பது சிறு வயதிலிருந்து அவளை அழைக்கும் செல்லச் சொல்; கேள்வி அவர் கேட்டதே இல்லாதது.

"ஆசையா? அங்கேயும் இதே மழைதானாம்." அவள் அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள். "நீங்க இன்னைக்கு ஒழுங்கா இருந்தா நான் போக மாட்டேன். போதுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்கு அது ஒரு நிபந்தனைப் பத்திரத்தின் கடைசி வரிபோல் கேட்டது.

*

ஷிஃபானா சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். தோளில் கேமராப் பை, கையில் உறையிட்ட தாள்கள். செருப்பை வாசலில் கழற்றி, மழை படாத இடம் பார்த்துத் திருப்பி வைத்தாள். அதைக் குரியாக்கோஸ் கவனித்தார். வெறுக்க வேண்டிய ஆள் இவள் அல்ல என்று தெரிந்தது. அது அவருக்குச் சிறிது ஏமாற்றமாக இருந்தது.

"அங்கிள், என் உம்மா உங்க வீடியோவைத் தினமும் பார்ப்பாங்க. பயப்படாதீங்க. நடிக்கவே வேண்டாம். நீங்க நீங்களா இருங்க, போதும்."

"இப்ப யாரா இருக்கேன்?"

"ஐயோ, இதான்! இதே மாதிரி!" அவள் தாள்களை மேசைமேல் விரித்தாள். "கல்லறைகிட்டப் போறீங்க. குடையை ஆன்சி சேச்சி பிடிச்சுக்கும். கல்லைத் தொடறீங்க. மனசுல என்ன வருதோ அதைச் சொல்றீங்க. வந்தா வரட்டும், வரலைன்னா..." அவள் சற்றுத் தயங்கினாள். "வரும் அங்கிள். அந்த இடத்துல யாருக்கும் வரும்."

குரியாக்கோஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தைப் படித்தார். மற்ற இருவரும் காத்திருந்தார்கள். அவர் படிக்கும்போது காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆன்சிக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

"ஏழாவது விதி. 'மாதந்தோறும் மனம் திறந்த காணொளிகள் இரண்டுக்குக் குறையாமல்.' மனம் திறந்ததா இல்லையான்னு யார் முடிவு செய்வாங்க?"

"கம்பெனிதான் அங்கிள்."

"அப்ப மனம் யாரோடது?"

"சாச்சா," என்றாள் ஆன்சி.

அவர் அடுத்த தாளை எடுத்தார். அது அவர் கையெழுத்திட வேண்டிய சம்மதப் படிவம். "நாள், இடம், காட்சியின் தன்மை. மூணு கட்டம் காலியா இருக்கு."

"அதெல்லாம் அப்புறம் நாங்களே நிரப்பிக்குவோம்."

"காலிக் கட்டம் இருக்கற தாள்ல நான் இதுவரைக்கும் யாரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை. நிலம் போயிடும்."

"இதுல நிலமே இல்லையே அங்கிள்!"

ஷிஃபானா சிரித்தாள், ஆன்சி சிரிக்கவில்லை. தகப்பன் படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபம் முடிஞ்சதும் போடறேன். இப்ப ஒரு சின்ன வேலை இருக்கு. பத்து நிமிஷம்."

"மழையில எங்க போறீங்க?"

"பின்னாடிதான்."

*

ஆடி மழை பெய்யும் கர்க்கடக மாதத்தில் புகைப்புரைக்கு வேலை இல்லை. மழையில் ரப்பர் வெட்டு நின்றுவிடும். ரப்பர்ப் பால் இல்லை, தாள் இல்லை, மூங்கில் கழிகள் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறும் அறைக்குள் குரியாக்கோஸ் வெள்ளை ஜிப்பாவோடு நுழைந்து, நனைந்த தேங்காய் மட்டையைக் குழியில் அடுக்கித் தீ மூட்டினார்.

அவர் கணக்குத் தெளிவாக இருந்தது. ஜனவரியில் நான்கு நிமிடம் பிடித்தது. இன்று ஐந்து நிமிடம் இருந்தால், சிவந்த கண்களோடு கல்லறைக்குப் போய்ச் சேரலாம். தொடங்கிவைத்தால் மீதி தானாக வரும். வராவிட்டாலும் சிவப்பு இருக்கும்; மழை இருக்கும்; மழைத்துளி எது, மற்றது எது என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

பொய்ச் சாட்சிகளை அவர் நிறையப் பார்த்தவர். ஒருவனாவது இவ்வளவு சிரமப்பட்டதாக நினைவில்லை.

மட்டை புகைந்தது. அவர் பால் உறைய வைக்கும் அலுமினியத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அமர்ந்து, குழியின் பக்கம் முகத்தை நீட்டினார். இருமல் வந்தது. மூக்கு ஒழுகியது. கண்கள் மட்டும் காய்ந்த கிணறாக இருந்தன.

"திரேசியே," என்றார் மெல்ல. உதவி கேட்கும் தொனியில்.

கதவு திறந்தது.

"சாச்சா? உள்ள யாரு... சாச்சா!"

அடைபட்டிருந்த புகை முழுவதும் வாசலில் நின்ற ஆன்சியின் முகத்தில் போய் மோதியது. அவள் இருமினாள். ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, மறுகையால் அவர் தோளைப் பற்றி இழுத்தாள். "என்ன பண்றீங்க இங்க? தாள் ஒண்ணுகூட இல்லை! எதுக்குப் புகை..."

பாதியில் நின்றாள்.

வெறும் மூங்கில் கழிகளைப் பார்த்தாள். கவிழ்த்த தட்டைப் பார்த்தாள். வெள்ளை ஜிப்பாவையும் அவர் முகத்தையும் பார்த்தாள். ஆன்சி மந்தமான பெண் அல்லள்.

"அன்னைக்கும்," என்றாள். "அன்னைக்கும் இதுதானா?"

குரியாக்கோஸ் எழுந்து நின்றார். "ஆமா."

"அம்மாவை நினைச்சு இல்லை."

"புகை, கொச்சே. துடைக்கறதுக்குத் துழாவிக்கிட்டிருந்தேன். நீ கேமராவை வெச்சுக்கிட்டு நின்னே."

மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எதிர்பார்த்தது கோபம்: மூன்று லட்சம் பேர், ஒப்பந்தம், மானம் என்று. அவள் அவை எதையும் சொல்லவில்லை.

"அந்த நாப்பத்தேழு விநாடியை நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன் தெரியுமா? அந்த இருபத்தொரு லட்சத்துல ஆயிரம் நான்தான். அம்மா போனப்போ நீங்க பெட்டிக்கு அளவு சொன்னீங்க. பந்தல்காரனுக்கு நேரம் சொன்னீங்க. கல்லறைக் கல்லுல தேதி தப்பா வெட்டிட்டான்னு கல்லையே திருப்பி அனுப்பினீங்க. ஒரு சொட்டு வரல. எங்க அம்மாகூட முப்பது வருஷம் இருந்த மனுஷனுக்கு ஒண்ணுமே இல்லையான்னு நினைச்சு நினைச்சு... அப்பத்தான் அந்த வீடியோ. 'இருக்கு, இவருக்கும் உள்ள இருக்கு'ன்னு. அதை வெச்சுத்தான் நான் உங்ககூட இந்த வீட்டுல இருந்தேன்."

அவள் கன்னத்தில் நீர் வழிந்தது. புகையாலா, வேறொன்றாலா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கும் துணிவும் இல்லை.

"முயற்சி பண்ணினேன்," என்றார். "அப்பவும் பண்ணினேன். இப்பவும் பண்ணினேன். வரல."

"வரலைன்னா விடுங்க. எதுக்கு இப்படி நெருப்பு மூட்டி..."

"நீ போயிடுவியேன்னு."

இதைச் சொல்ல அவர் திட்டமிடவில்லை. சொன்ன பிறகு திரும்பப் பெறும் வழியும் தெரியவில்லை. குனிந்து, குழியில் ஒரு குவளை நீரை ஊற்றினார்.

*

இருவரும் வாசலுக்கு வந்தபோது ஷிஃபானா எழுந்து நின்றாள். ஆன்சியின் சிவந்த கண்களையும் நனைந்த கன்னத்தையும் பார்த்த அவள் கை தன்னிச்சையாகக் கேமராவுக்குப் போயிற்று.

"சேச்சி, அப்படியே இருங்க! துடைக்காதீங்க!"

"புகை," என்றாள் ஆன்சி. "இது புகை. அதுவும் புகை. சாச்சன் அழவே இல்லை, ஷிஃபானா. அன்னைக்கு ரப்பர்ப் புகை."

ஷிஃபானா கேமராவைத் தாழ்த்தினாள். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்ததைக் குரியாக்கோஸ் கலக்கத்தோடு பார்த்தார்.

"சேச்சி... இது அதைவிடப் பெருசு."

"எது?"

"உண்மையைச் சொல்றது! 'எங்களை மன்னிச்சுடுங்க'ன்னு ஒரு வீடியோ. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல. அங்கிள் அதே புகைப்புரை வாசல்ல நின்னு சொல்றாரு. மன்னிப்பு வீடியோவை ஜனங்க எவ்வளவு பார்ப்பாங்க தெரியுமா? இதுக்கு மேல மனம் திறக்க முடியுமா? ஏழாவது விதிக்கு ரெண்டு மாசத்துக்குச் சேர்த்து ஆச்சு!"

கெட்ட எண்ணம் எதுவும் அவளிடம் இல்லை. மூழ்குகிறவருக்குக் கயிறு வீசிவிட்ட உற்சாகம்தான் இருந்தது.

குரியாக்கோஸ் மகளைப் பார்த்தார். பதிலை அவளுக்கே விட்டுவிட்டார்.

"வேண்டாம்," என்றாள் ஆன்சி.

"சேச்சி, பொய்யா எதுவும் இல்லையே. முழுக்க நிஜம்."

"நிஜம்தான். அதான் வேண்டாம்ங்கறேன். புகைப்புரைக்குள்ள அவரு என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. அதை உன் உம்மா கேக்க வேண்டிய அவசியம் இல்லை. யாரும் கேக்க வேண்டிய அவசியம் இல்லை." அவள் குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதே. மாங்காக் குழம்பு எவ்வளவு வேணும்னாலும் போடறேன். இன்னைக்குக் கல்லறைக்குக் கேமரா வராது."

ஷிஃபானா கேமராவின் மூடியைப் போட்டாள். பிறகு கேமராவைப் பைக்குள் வைத்தாள். "கம்பெனி ஒத்துக்காது சேச்சி. நான் பேசிப் பார்க்கறேன், ஆனா ஒத்துக்க மாட்டாங்க. திங்கள் வரைக்கும் பேப்பரை இங்கேயே வெச்சுட்டுப் போறேன்."

"அப்பம் சாப்பிட்டுட்டுப் போ."

"வேண்டாம் சேச்சி..."

"உக்காரு. மழையில வந்தே."

அவள் நான்கு அப்பம் சாப்பிட்டாள். போகும்போது குரியாக்கோஸின் முன் நின்று, "அங்கிள், உம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள். அன்று அவருக்குக் கிடைத்த முதல் கருணை அதுதான்.

*

பத்து மணி நாற்பது நிமிடம். ஆன்சி தலையில் முக்காடிட்டு, மெழுகுவர்த்திகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவரோடு பேசவில்லை. பேசாமலே அவருடைய குடையைத் துடைத்து வாசலில் சாய்த்தாள். பேசாமலே ஜிப்பாவில் படிந்த கரியைத் தட்டிவிட்டாள். தட்டியதில் சற்று வலு இருந்தது.

அவள் கைப்பேசி அடித்தது.

"சோமன் அண்ணனா? சொல்லுங்க... சாச்சன் போனை எடுக்கலையா? என்ன படிவம்?... பதினொரு மாசமாவா?"

குரியாக்கோஸ் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவள் மேசைக்குப் போவதும், முதல் இழுப்பறை திறப்பதும், மூடுவதும், இரண்டாவது திறப்பதும் கேட்டன.

நீல அட்டையை அவள் மேசைமேல் பிரித்தாள்.

அவருடைய கையெழுத்துக்குப் பாலா வட்டாரத்தில் ஒரு மதிப்பு உண்டு. அச்சுப்போல் இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்காது. அந்தப் படிவத்திலும் இல்லை. நீக்க வேண்டிய பெயர்: திரேசியம்மா குரியாக்கோஸ். வயது: ஐம்பத்தெட்டு. அட்டையில் வகிக்கும் இடம்: குடும்பத் தலைவி. காரணம்: மரணம். விண்ணப்பம் எழுதிய நாள்: 2023 ஆகஸ்ட் 2. சாவுச் சான்றிதழின் நகல் குண்டூசியால் கோத்திருந்தது, குண்டூசி துருவேறியிருந்தது. கையெழுத்து போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"அம்மா போன பதிமூணாம் நாளே எழுதிட்டீங்க."

"ம்."

"ஊர்ல ஒருத்தர் செத்தா, மறுவாரமே பேரை எடுங்கன்னு வீடு வீடாச் சொல்றவரு நீங்க."

"ம்."

"ஏன் கையெழுத்துப் போடல?"

"ஒரு கட்டம் காலியா இருக்கு." அவர் இன்னும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புதிய தலைவர் பேரு. காலிக் கட்டம் இருக்கற தாள்ல..."

"அதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் சாச்சா?"

அவர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். கண்கள் எப்போதும்போல் காய்ந்திருந்தன. ஆனால் சன்னல் கம்பியைப் பற்றியிருந்த கை, விரல் முட்டிகள் வெளுக்கும் அளவுக்கு இறுகியிருந்தது. ஆன்சி அதைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். துருவேறிய குண்டூசியைப் பார்த்தாள். பதினொரு மாதமாக இந்த இழுப்பறைக்கு மேலேதான் அவள் சமையலுக்கு முந்திய பேச்சைப் பதிவு செய்யத் தினமும் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவந்தாள்.

அவள் கைப்பேசி இப்போதும் கையில்தான் இருந்தது. அதை மெழுகுவர்த்திப் பைக்குள் போட்டாள்.

"அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தீங்களே," என்றாள். "'அவ இருந்திருந்தா'ன்னு. அப்புறம் இருமிட்டீங்க. என்ன சொல்ல வந்தீங்க?"

"அதுவா." அவர் திரும்பினார். "துண்டு. நான் புகை போடப் போனா, வெளிய வர்ற நேரம் பார்த்து அவ கதவு ஆணியில துண்டைத் தொங்கவிட்டு வெச்சிருப்பா. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினா கிடைக்கும். அன்னைக்கு நீட்டினேன். இல்லை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இருபத்தொரு லட்சம் பேரு," என்றாள் ஆன்சி. "ஒரு துண்டுக்கு." அவள் சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு இடையில் வேறு ஒன்றாக மாறியது, முக்காட்டின் நுனியால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை அறையில் புகை இல்லை என்பதை இருவரும் கவனித்தார்கள், இருவரும் குறிப்பிடவில்லை.

குரியாக்கோஸ் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்து, நேராக அமர்ந்து, ஜிப்பாப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பின்னால் பொருத்தினார். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். திரேசியம்மா என்ற பெயரில் சற்று அதிகம் நின்றார். பின்னர் கையெழுத்திட்டு, இன்றைய தேதியை எழுதினார். மை காயும்வரை கைவைக்கவில்லை.

ஆன்சி அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாச்சா, அந்தக் கட்டம்..."

"தெரியும்."

வீட்டில் பெண் இருந்தால் பெண்தான் அட்டைக்குத் தலைவி. இல்லாவிட்டால் ஆண். அந்தக் கட்டத்தில் எழுதக்கூடிய பெயர்கள் இரண்டே. ஒன்று, திங்கட்கிழமைக்குப் பின்னும் இந்த வீட்டில் இருக்கப்போகிறவளின் பெயர். மற்றது, தனியாக இருக்கப்போகிறவரின் பெயர்.

"யார் பேரு எழுதறது?" அவள் குரல் மிக மெல்ல வந்தது.

"அது நீ எழுத வேண்டியது. நான் போன்னும் சொல்ல மாட்டேன், இருன்னும் சொல்ல மாட்டேன். புகைப்புரையில சொன்னதை மறந்துடு. அது புகை."

முப்பத்தாறு ஆண்டுகளில் காலிக் கட்டம் உள்ள தாள் எதிலும் பிறர் கையெழுத்தை அனுமதிக்காதவர், தாமே கையெழுத்திட்ட அந்தத் தாளை இரண்டு கைகளாலும் எடுத்து மகளிடம் கொடுத்தார்.